காயம் மட்டும் செய்யும் குண்டு என்று ஒன்று உண்டா?

நான் அருவங்காட்டில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தவுடன் பெரும்பாலானவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, "அங்கெல்லாம் ரொம்பக் குளிருமுங்களா?" குளிரும். டிசம்பர் மாதம் காலை ஷிப்டுக்குப் போனவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "ஏனுங்க, நம்ம ராணுவத்து இன்சாஸ் துப்பாக்கிக் குண்டு ஆளைக் கொல்லாதாமுங்களே? காயம் மட்டும்தான் பண்ணுமாமா? வேணும்னே அப்படிச் செஞ்சு வெச்சிருக்காங்களாமா?"

கேட்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பேராசிரியர், ஏன், பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஹவில்தாரே கூட இதைக் கேட்டிருக்கிறார். காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எதிரி ஒருவனைக் கொன்றால் எதிரிக்கு ஓர் ஆள்தான் நஷ்டம். காயப்படுத்தினால் அவனைத் தூக்கிக்கொண்டு போக இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஆக ஒரே குண்டில் மூன்று பேர் காலி. கேட்பதற்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நான் பட்டாளத்துக்காரன் அல்ல. துப்பாக்கி சுட்டவனும் அல்ல. 1976-ல் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, சார்ஜ்மேன் ஆகி, 2014-ல் ஓய்வு பெற்றவன். குண்டைத் தள்ளுகிற மருந்து எங்கள் கையில் இருந்தது. குண்டு எங்கள் கையில் இல்லை. ஆனால் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனால் குண்டைப் பற்றியும் படித்துத்தான் ஆகவேண்டும். இங்கே ரகசியம் எதுவும் சொல்லப் போவதில்லை. எல்லாம் புத்தகங்களில் வந்த விஷயங்கள்தான்.

முதலில் பெயர்கள்

நாம் பொதுவாக எல்லாவற்றையும் குண்டு என்று சொல்லிவிடுகிறோம். துப்பாக்கிக்குள் போடும் முழுப் பொருளுக்குத் தோட்டா என்று பெயர். போலீஸ்காரர்கள் ரவை என்பார்கள் (உப்புமா ரவை அல்ல). தோட்டாவில் நான்கு பாகம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் பிரைமர், உள்ளே மருந்து, மேலே வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் குண்டு. சுடும்போது குண்டு மட்டும்தான் பறக்கிறது. கூடு பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.

உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பொருள் என்ன தெரியுமா? பஞ்சு. கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பஞ்சு என்றால் நூல், நூல் என்றால் மில், மில் என்றால் சங்கு ஊதுகிற சத்தம். அதே பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்தினால் அது வேறு குணத்துக்கு வந்துவிடும். பார்க்கப் பஞ்சு போலவே இருக்கும், தீ வைத்தால் புகை இல்லாமல் ஒரு நொடியில் மறைந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய கரிமருந்தை ஓரம் கட்டியது இந்தப் பஞ்சுதான். அதை வைத்து ஆங்கிலேயர்கள் செய்த புகையில்லா மருந்து கயிறு கயிறாக இருந்ததால் 'கார்டைட்' என்று பெயர் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அதற்கென்று தொழிற்சாலை கட்டினார்கள். அதுதான் எங்கள் பேக்டரி. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் ஒரு தோட்டாவுக்குள் சுமார் 3 கிராம் மருந்து. இன்சாஸ் தோட்டாவுக்குள் சுமார் 1.7 கிராம். அரைத் தேக்கரண்டி கூட இல்லை. அந்த மருந்து எரிந்து குண்டைக் குழலை விட்டு வெளியேற்ற ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் கவலை எல்லாம், சியாச்சின் குளிரிலும் ராஜஸ்தான் வெயிலிலும் அந்த மருந்து ஒரே மாதிரி எரிய வேண்டும் என்பதுதான். சூட்டில் மருந்து வேகமாக எரியும், குளிரில் மெதுவாக எரியும். வேகம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும். வேறொன்றும் மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலு குண்டுகளின் ஜாதகம்

நம் நாட்டில் புழங்கிய நாலு ராணுவத் தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் ஏறத்தாழ.

பழைய .303: குண்டின் எடை 11.3 கிராம், வேகம் நொடிக்கு 744 மீட்டர். 1962-ல் சீனாவுடன் நடந்த போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது இதுதான்.

எஸ்.எல்.ஆரின் 7.62: 9.5 கிராம், 840 மீட்டர்.

ஏ.கே.-47 வகையின் 7.62: 8 கிராம், 715 மீட்டர். இரண்டும் 7.62 மில்லிமீட்டர் என்றாலும் இதன் கூடு குட்டை. ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட முடியாது.

இன்சாஸின் 5.56: 4 கிராம், 900 மீட்டர்.

பள்ளியில் படித்த கணக்கு ஞாபகம் இருக்கிறதா? எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். போட்டுப் பார்த்தால் .303-க்கு 3,100 ஜூல், எஸ்.எல்.ஆருக்கு 3,350, ஏ.கே.-க்கு 2,050, இன்சாஸுக்கு 1,620. இன்சாஸ் குண்டு எஸ்.எல்.ஆர். குண்டில் பாதி பலம்கூட இல்லை. இந்த ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பலபேர் "இது காயம் பண்ணுகிற குண்டுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் குண்டு எவ்வளவு ஆற்றலைச் சுமந்து போகிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவை உடம்புக்குள் விட்டுவிட்டுப் போகிறது என்பது வேறு கணக்கு. பெரிய தொகையைப் பையில் வைத்துக்கொண்டு கடைவீதியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விட்டவனால் எந்தக் கடைக்காரனுக்கும் லாபம் இல்லை. நேராகத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும் குண்டும் அப்படித்தான்.

பம்பரம் தலை கவிழும்போது

துப்பாக்கிக் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் உரசிக்கொண்டு சுழன்று வெளியே வரும். நொடிக்கு ஆயிரக்கணக்கான சுற்று. பம்பரம் சுற்றும்வரை நிற்கிற மாதிரி, குண்டும் சுழலும்வரை மூக்கை முன்னால் வைத்துப் பறக்கும். கூரான குண்டுக்குக் கனம் பின்பக்கம்தான். சுழற்சி இல்லாவிட்டால் பின்பக்கம் முன்னால் வந்து கவிழ்ந்துவிடும்.

காற்றில் அந்தச் சுழற்சி போதும். உடம்பு காற்றல்ல. தண்ணீர் போலத்தான், காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதற்குள் நுழைந்ததும் பம்பரம் தலையாட்ட ஆரம்பிக்கும். கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு பக்கவாட்டில் புரண்டு, பின்பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு போகும். புரளுகிற இடத்தில்தான் பெரிய சேதம். ஊசி போல் போன பொருள் அந்த இடத்தில் குறுக்கே கிடக்கிற கட்டை போல் போகிறது. சதையை ஒதுக்கித் தள்ளும். தசை ரப்பர் போன்றது, தள்ளினால் விரிந்து திரும்பி வந்துவிடும். கல்லீரல் அப்படி அல்ல, அல்வாத் துண்டு மாதிரி பிளந்துவிடும்.

எவ்வளவு தூரம் போனபிறகு புரள்கிறது என்பதுதான் ஒவ்வொரு குண்டின் குணத்தையும் தீர்மானிக்கிறது. இதை அளந்து எழுதியவர் மார்ட்டின் பேக்லர் என்ற அமெரிக்க ராணுவ அறுவைச் சிகிச்சை மருத்துவர். வியட்நாமில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வுக்கூடம் வைத்து ஜெலட்டின் கட்டிகளுக்குள் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார். (நம் ஊரில் கிணறு வெட்ட வெடி வைக்கிற ஜெலட்டின் குச்சி அல்ல. இது ஜெல்லி மிட்டாய் செய்யும் பொருள். குளிரவைத்தால் தசையைப் போல நடந்துகொள்ளும்.)

அவர் கண்டதில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். சோவியத் ஏ.கே. குண்டு சுமார் 25 சென்டிமீட்டர் நேராகப் போய்விட்டுத்தான் புரள்கிறது. அமெரிக்க எம்-16 துப்பாக்கியின் பழைய 5.56 குண்டு 12 சென்டிமீட்டரிலேயே புரள்கிறது. புரண்டதோடு விடுவதில்லை. வேகம் போதுமான அளவு இருந்தால் நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஒடிந்து துண்டு துண்டாகிறது. துண்டுகள் சதையைப் பல இடங்களில் அறுத்துவிட, விரிகிற தசை அறுத்த இடத்தில் கிழிந்துபோகிறது. பாதி ஆற்றல் உள்ள சின்னக் குண்டு பெரிய குண்டைவிட மோசமான காயம் செய்வது இப்படித்தான்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த உதாரணம் இன்னொன்று. அமெரிக்காவும் அன்றைய மேற்கு ஜெர்மனியும் ஒரே 7.62 தோட்டாவைத்தான் வைத்திருந்தார்கள். ஒரே விட்டம், ஏறக்குறைய ஒரே எடை, ஒரே வேகம். அமெரிக்கக் குண்டு புரண்டு முழுசாக வெளியே போய்விடும். ஜெர்மன் குண்டு உள்ளேயே உடையும். வித்தியாசம் என்னவென்றால், ஈயத்தின் மேல் போர்த்திய உலோகச் சட்டை. ஜெர்மன் சட்டை மெலிசு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். துப்பாக்கியின் விட்டத்தை மட்டும் வைத்துப் பலம் பேசுகிறவர்கள் இந்த ஓர் உதாரணத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகனின் தொடை

இது ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

என் அக்காவை அன்னூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அவள் மூத்த மகன் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தான். 1987-ல் இந்திய அமைதிப் படையில் யாழ்ப்பாணத்துக்குப் போனான். போன சில மாதத்தில் தொடையில் குண்டு பாய்ந்தது. ஏ.கே. வகைத் துப்பாக்கிக் குண்டு. விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். தந்தி வந்து, அக்காவும் நானும் போய்ச் சேரும்வரை அக்கா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கால் இருக்குமா என்பதே எங்கள் பயம்.

போய்ப் பார்த்தால் முன்பக்கம் ஒரு சின்னத் துளை, பின்பக்கம் அதைவிடக் கொஞ்சம் பெரிய துளை. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஊன்றுகோலோடு நடந்தான். மருத்துவர், "எலும்பில் பட்டிருந்தால் காலை எடுத்திருப்போம்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கும் அதே வகைக் குண்டுதான். வயிற்றில் பக்கவாட்டாகப் பாய்ந்திருந்தது. நாங்கள் அங்கே இருந்த மூன்றாம் நாள் அவன் கட்டில் காலியாகிவிட்டது.

அப்போது அது தலையெழுத்து என்று நினைத்தோம். பிறகு பேக்லரின் அளவுகளைப் படித்தபோது விளங்கியது. தொடையின் கனம் 15, 18 சென்டிமீட்டர் இருக்கும். 25 சென்டிமீட்டருக்குப் பிறகு புரளும் குண்டு அதற்குள் புரளவே இல்லை, நேராகப் போய்விட்டது. வயிற்றில் பக்கவாட்டாக நுழைந்த குண்டுக்குப் புரளுவதற்குத் தூரம் கிடைத்தது. ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு. ஒருவன் இன்று அன்னூரில் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் இல்லை.

அந்தப் படை 1990 மார்ச்சில் திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். நம்மவர்கள் கையில் இருந்த எஸ்.எல்.ஆர். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு மட்டும் சுடும், 20 தோட்டா கொள்ளும். எதிரில் இருந்த ஏ.கே. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும், 30 தோட்டா கொள்ளும். ஆற்றல் கணக்குப்படி நம் குண்டுதான் பலசாலி. தோப்பும் சந்தும் வேலியுமாக இருந்த இடத்தில், 50 மீட்டர் தூரத்துச் சண்டையில், அந்தப் பலம் உதவவில்லை என்று என் அக்கா மகன் சொல்வான். "மாமா, அங்க எவன் முதல்ல நாலு குண்டு போடறானோ அவன்தானுங்க உசுரோட இருப்பான்."

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1990-களின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை அவசரமாக வாங்கினார்கள். இன்சாஸும் வந்து சேர்ந்தது. 1999 கார்கில் போரில் அது முழுப் போரைப் பார்த்தது.

சின்னக் குண்டு ஏன் வந்தது?

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். 5.56 போன்ற சின்னக் குண்டுக்கு உலகப் படைகள் மாறியதற்குக் காரணம் காயப்படுத்தும் ஆசை அல்ல. அமெரிக்காவில் 1952-ல் ஹிட்ச்மேன் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். போர்க்களத்தில் துப்பாக்கிச் சண்டை பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான் நடக்கிறது, அதற்கு மேல் குறி வைத்து அடிப்பது அரிது என்பது அதன் சாரம். அப்படியானால் ஆயிரம் மீட்டர் போகிற பெரிய குண்டு எதற்கு?

எஸ்.எல்.ஆர். தோட்டா ஒன்று சுமார் 24 கிராம். 5.56 தோட்டா சுமார் 12 கிராம். சுமக்கிற அதே எடைக்கு இரண்டு மடங்கு தோட்டா கொண்டுபோகலாம். தோளில் உதையும் குறைவு, அதனால் இரண்டாவது குண்டும் குறி தவறாமல் போகும். மலையேறுகிற சிப்பாய்க்கு ஒரு கிலோ குறைவது என்றால் என்ன என்று, பழனி மலைக்குக் காவடி தூக்கிப் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காயம் மட்டும் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தால், 1962-ல் வியட்நாமில் அந்தத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்தவர்கள் அனுப்பிய அறிக்கை அப்படி இருந்திருக்காது. அது எவ்வளவு பயங்கரமாகக் கொல்கிறது என்று புகழ்ந்துதான் எழுதினார்கள். அதைக் காட்டித்தான் துப்பாக்கியை விற்றார்கள்.

"தூக்கிப் போக இரண்டு பேர்" கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. காஷ்மீரில் ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் தீவிரவாதியைத் தூக்கிப் போக யாரும் வரப்போவதில்லை. காயம்பட்டவன் கடைசித் தோட்டா வரை சுடுவான். அவனை எதிர்கொண்டு கதவைத் திறக்கிற சிப்பாய்க்கு வேண்டியது, எதிரில் இருப்பவன் அந்த நொடியே நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, குண்டுக்குத் தொடை எது, நெஞ்சு எது என்று தெரியாது. தொடையில் காயம் மட்டும் செய்த குண்டு நெஞ்சில் பட்டால் கொல்லும்.

அப்படியென்றால் "நாலு குண்டு பட்டும் ஓடினான்" என்று சிப்பாய்கள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. இங்கேதான் நான் முன்னே சொன்ன வேகம் வருகிறது. 5.56 குண்டு உடைவதற்கு நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகம் வேண்டும். ஏறத்தாழ 150 மீட்டர் தூரம் வரை அந்த வேகம் இருக்கும். அதற்கு அப்பால், அல்லது குழல் குட்டையான துப்பாக்கியில், அந்த வேகம் இருக்காது. அப்போது அது ஊசி குத்தின மாதிரி போய்விடும். 1980-ல் நேட்டோ நாடுகள் ஏற்ற புதிய 5.56 குண்டில் நுனியில் எஃகு வைத்தார்கள். தூரத்தில் இருக்கும் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும் என்பது நோக்கம். இரும்பைத் துளைக்கச் செய்தது ஒல்லியான மனிதனையும் துளைத்துக்கொண்டு சும்மா போய்விடுகிறது என்று 1993-ல் சோமாலியாவில் சண்டை போட்ட அமெரிக்கர்கள் குறை சொன்னார்கள். 2010-ல் அவர்கள் குண்டையே மாற்றினார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே துப்பாக்கியில் அடுத்தடுத்துச் சுட்ட இரண்டு குண்டுகள்கூட ஒரே மாதிரி புரள்வதில்லை. உடம்பில் நுழையும்போது ஒரு பாகை, இரண்டு பாகை சாய்ந்திருந்தால் சீக்கிரம் புரளும், நேராக நுழைந்தால் தாமதமாகும். ஆகவே "ஒரே குண்டில் சாய்ந்தான்" என்கிற சிப்பாயும், "நாலு பட்டும் ஓடினான்" என்கிற சிப்பாயும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நம் ராணுவம் இப்போது மறுபடியும் பெரிய குண்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2019-ல் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 7.62 துப்பாக்கிகள் 72,400 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். எஸ்.எல்.ஆர். சுட்ட அதே தோட்டா. 2021 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டம் கோர்வாவில் ஏ.கே.-203 துப்பாக்கிகள் 6 லட்சத்துக்கு மேல் செய்ய ரஷ்யாவோடு ஒப்பந்தம். அது ஏ.கே.-47-இன் பழைய தோட்டா. சுற்றிச் சுற்றி என் அக்கா மகன் காலத்துக்கே வந்திருக்கிறோம்.

டம்டமில் தொடங்கிய வழக்கு

காயத்தைப் பற்றிய வாதம் உலகத்தில் சூடுபிடித்ததே நம் நாட்டிலிருந்துதான். 1895-ல் வடமேற்கு எல்லையில் சித்ரால் போரில் ஆங்கிலேயரின் புதிய .303 குண்டு பட்டும் பழங்குடி வீரர்கள் நிற்காமல் பாய்ந்து வந்தார்கள். "குண்டு போதவில்லை" என்று புகார் போயிற்று. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் குண்டின் நுனியில் உலோகச் சட்டையை விலக்கி ஈயம் தெரியும்படி விட்டார். உடம்பில் பட்டதும் நுனி காளான் போல விரிந்தது. கல்கத்தா விமான நிலையத்தின் பழைய பெயர் பலருக்கு ஞாபகம் இருக்கும், அதே டம்டம்தான்.

1899-ல் ஹேக் நகரில் உலக நாடுகள் கூடி, உடம்பில் எளிதாக விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. பிரிட்டன் அப்போது எதிர்த்தது. நாகரிகமில்லாத மக்களை நிறுத்த இது தேவை என்பது அவர்கள் வாதம். அந்த "மக்கள்" யார் என்று நமக்குத் தெரியும். 1907-ல்தான் பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட பிறகு என்ன நடந்தது? 1910-ல் .303-க்குப் புதிய குண்டு வந்தது. வெளியே முழுச் சட்டை, சட்டத்துக்கு உட்பட்டது. உள்ளே நுனியில் மட்டும் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் அல்லது அதுபோன்ற லேசான பொருள். அதனால் கனம் பின்னால் போய், உடம்பில் நுழைந்ததும் சீக்கிரம் புரண்டது. 1974-ல் சோவியத் படைக்கு வந்த 5.45 குண்டின் நுனியில் காற்றுக்குமிழ் போல வெற்றிடம் இருந்தது. அதுவும் புரளும். ஆப்கானியர்கள் அதை விஷக் குண்டு என்றார்கள். சட்டம் விரிவதைத் தடுத்தது. புரள்வதைத் தடுக்கவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் நூறு வருடமாகக் குண்டு வடிவமைப்பு போய்க்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாடுகளில் மான் வேட்டைக்கு விரியும் குண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும் என்ற இரக்கம் அதற்குக் காரணம். மனிதனுக்கு அந்தக் குண்டு கூடாது, அதுவும் இரக்கத்தால்தான்.

ஏன் இதை எழுதினேன்

அக்கா பேரன், அதாவது அந்தத் தொடைக்காரன் மகன், அக்னிவீர் திட்டத்தில் தேர்வாகி வெலிங்டனில் பயிற்சிக்குப் போனான். மலை ரயிலில் வெலிங்டனுக்கு அடுத்த ஸ்டேஷன் அருவங்காடு. மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது. அதைக் கத்திப் பழகுகிற பையனே, விடுப்பில் வந்தபோது, "தாத்தா, இந்தக் குண்டு காயம்தான் பண்ணுமாமுங்க, பெருசா பாவம் இல்லீங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் அப்பா எழுந்து மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டான்.

நான் பையனிடம் மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். அவனுக்கு இரண்டு ஆபத்து இருக்கிறது. கையில் இருப்பது சோதாத் துப்பாக்கி என்று நினைத்தால் அவன் உயிருக்கு ஆபத்து. இது காயம் மட்டும்தான் செய்யும் என்று நினைத்தால், கூட்டத்தின் மேல் ஒரு நாள் அலட்சியமாக விசையை அழுத்துவான். அது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து.

எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1987-ல் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பரிசோதனைத் தாள்கள் எத்தனையோ. அந்த மருந்தில் கொஞ்சமாவது எஸ்.எல்.ஆர். தோட்டாவாகி யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கும். அங்கே அடிபட்டவர்களும் "அம்மா" என்றுதான் கத்தியிருப்பார்கள். நாட்டுக்கான வேலை, யாராவது செய்துதான் ஆகவேண்டும், நான் ஒழுங்காகச் செய்தேன். ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் "நம் குண்டு காயம்தான் செய்யும்" என்ற கதை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அது செய்தவனுக்கும் சுட்டவனுக்கும் தூக்கம் வருவதற்காகச் சொல்லும் கதை. காயம் மட்டும் செய்கிற குண்டு என்று எந்த நாட்டிலும் யாரும் செய்யவில்லை. ஒரு குண்டு காயம் செய்வதும் கொல்வதும் பட்ட இடத்தையும், அப்போது இருந்த வேகத்தையும், புரண்ட தூரத்தையும் பொறுத்தது. மூன்றுமே சுட்டவன் கையில் இல்லை. சுடுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பட்டாளத்துக்கோ போலீஸுக்கோ போவதாக இருந்தால், அந்தக் கதையை அவர்களிடம் சொல்லாதீர்கள்.